கச்சேரிக்குப் போட்ட மெட்டு

என் வலது கை தலைக்கு மேலே நின்றது. கையில் ட்ரம் தடி. எதிரே மண்டபம் நிறையச் சனம். எனக்கு இரண்டு பக்கமும் கோனற், கிளாரினற், பெரிய குழல் எல்லாம் ஊதி ஓய்ந்துவிட்டன. தடி எப்போது இறங்கும் என்று முழு மண்டபமும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் இருமத் தொடங்கி, இருமாமலே விழுங்கினார்.

தடி இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்பதுதான் பாட்டு.

முன்வரிசையில் இருந்த கொழும்பு நடுவர் தன் கையிலிருந்த தாள்களைப் புரட்டினார், ஏதாவது பக்கம் குறைகிறதா என்று. அவருக்குப் பின்னால், இரண்டாம் வரிசையில், வெள்ளைச் சேட் போட்ட ஒருவர் இருந்தார். அவர் எதையும் புரட்டவில்லை. என் தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். விழாத அந்த அடி யாருடையது என்று அவருக்கு விளங்கிவிட்டது.

கை அப்படியே நிற்கட்டும். நான் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். எழுத்தில் தூக்கிய கை உளையாது.

ரெண்டே பாட்டு

இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நான் மன்னாரில் ஓட்டோ ஓடுகிறவன் என்பது தெரியும். ட்ரம் அடிக்கிறவன் என்பதை இவ்வளவு நாளும் ஒளித்து வைத்திருந்தேன். எங்கள் கோயில் பாண்ட் வாத்தியத்தில் பதினொரு பேர். திருநாளுக்கு வாசிப்போம், செத்த வீட்டுக்கு வாசிப்போம். அதற்கு வெளியே எங்களை யாரும் கேட்டதில்லை.

ஓட்டோவில் ஏறுகிற ஆட்கள் சொல்லும் நல்ல வசனங்களைப் பெற்றோல் போட்டால் தருகிற பற்றுத் துண்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பது என் பழக்கம். எங்கள் வாத்தியத்தைப் பற்றி ஒரு கருவாட்டு வியாபாரி சொன்னதும் அதில் இருக்கிறது. "உங்கட பாண்டுக்கு ரெண்டே பாட்டுத்தான் தம்பி தெரியும். ஒண்டு மாதா வரேக்க. மற்றது ஆள் போகேக்க."

நான் கோபிக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். ரெண்டுதான்.

எங்கள் தலைவர் குரூஸ் மாஸ்டர். ஐஸ் போடுகிற இடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்ந்தவர். கோடு போட்டு இசை எழுதவும் வாசிக்கவும் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மற்றப் பத்துப் பேரும் அவர் காட்டியதைக் காதில் வாங்கி ஊதுகிறவர்கள்.

அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அந்தோனியம்மா அக்கா. எல்லாவற்றிலும் பெரிய குழல் அவருடையது. ஆட்கள் ஏன் அதைத் தொடவில்லை என்றால், பாரம் அதிகம். அதோடு அந்தக் குழலுக்கு மெட்டே வருவதில்லை. 'புப் பு, புப் பு' என்று அடியில் கிடந்து எல்லாரையும் சுமக்க வேண்டும். அக்கா மலைநாட்டில் பிறந்து, ஒரு கலவர காலத்தில் தாய் தகப்பனோடு கீழே இறங்கி வந்தவர். பெருநிலப் பக்கம் குடியேறி, நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் நாள் கூலிக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அடம்பன் பஸ்ஸில் ஏறி மன்னார்த் தீவுக்குள் வருவார். "இது உங்களுக்கு ஏலுமோ?" என்று மாஸ்டர் முதல் நாள் கேட்டபோது அவர் சொன்ன பதிலையும் எழுதி வைத்திருக்கிறேன்.

"தேயிலக் கொழுந்துக் கூடை தூக்குன முதுகுங்க மாஸ்டர். அதுக்கு இது ஒண்ணுமில்ல. கூடை வாயத் தொறக்காது, இது தொறக்குது. அவ்வளவுதான்."

அரசாங்கம் பாட்டுக் கேட்கிறது

நாடு முழுக்க நின்ற பெற்றோல் வரிசைகள் முடிந்து கொஞ்சக் காலம் இருக்கும். கோயில் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கொழும்பில் ஏதோ ஒரு இசை மன்றம் அனுப்பியது. 'கச்சேரி வாத்தியக் குழுக்களுக்கான புதிய இசை ஆக்கப் போட்டி'. ஐந்து நிமிடத்துக்குக் குறையக் கூடாது. முன்பு எங்கும் வாசித்ததாக இருக்கக் கூடாது.

வேறு ஊர்களில் இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கச்சேரி என்றால் அரசாங்கக் கந்தோர், உங்கள் சொல்லில் அலுவலகம். மாவட்டச் செயலகம் என்று பெயர் மாற்றிப் பலகை அடித்துக் கனகாலம். பலகை மாறியது, வாய் மாறவில்லை. காணிக்குக் கச்சேரி, பிறப்புப் பதிவில் பிழை என்றால் கச்சேரி, நிவாரணம் என்றாலும் கச்சேரி. பாட்டு என்ற சொல் முன்னால் வந்து கைபிடித்துக் கூட்டி வந்தாலொழிய, வெறும் கச்சேரி எங்களுக்குக் கந்தோர்தான்.

ஆகவே பதினொரு பேரும் அந்தத் தாளை ஒரே மாதிரித்தான் வாசித்தோம். கச்சேரிக்கு ஒரு புதுப் பாட்டு வேண்டுமாம்.

"கோயிலுக்கு இசை இருக்கு, பள்ளிக்கூடத்துக்கு இருக்கு, பொலிசுக்கும் இருக்கு" என்றார் மாஸ்டர். "பாவம், கச்சேரிக்குத்தான் இல்லை."

"கச்சேரிக்கு என்னத்துக்கு மாஸ்டர் பாட்டு?" என்று நான் கேட்டேன்.

"காலமை கொடி ஏத்தேக்க வாசிக்கலாம். வரிசையில நிக்கிற சனத்துக்கும் ஒரு ஆறுதல்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் கேட்பதில் எங்களுக்குச் சந்தேகம் வருவதில்லை. கொடுப்பதில்தான் வரும்.

யார் மெட்டுப் போடுவது? கச்சேரியை நன்றாகத் தெரிந்த ஆள்தான் போட வேண்டும். பத்துத் தலையும் ஒன்றாகத் திரும்பி அந்தோனியம்மா அக்காவைப் பார்த்தன.

காணாமல் போன ஓர் எழுத்து

அக்கா இருக்கும் அரை ஏக்கர் காணியை வெட்டித் திருத்தியது அவர் கைதான். ஆனால் அது அவருடையது என்று சொல்லும் அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. காரணம் ஓர் எழுத்து. பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் 'அந்தோனியம்மாள்'. அடையாள அட்டையில் 'அந்தோனியம்மா'. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கக் கோப்பு மேலே போனது. மேலே போன கோப்பு கீழே வரவில்லை.

"அந்த 'ள்' மட்டும் மலையிலயே தங்கிருச்சு தம்பி" என்பார். "எங்களோட பஸ் ஏறல."

எந்தக் கச்சேரி என்று நான் எழுதப் போவதில்லை. அக்கா மலையிலிருந்து இறங்கிய வழியில் ஏறி இறங்கிய கந்தோர்கள் பல. எல்லாம் சேர்ந்து அவர் மனதில் ஒரே கட்டடமாகிவிட்டன. இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் தங்கள் ஊரைத்தான் சொல்கிறேன் என்று நினைக்கப் போகிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கில் பிறந்த மெட்டு

பஸ் நிலையத்திலிருந்து அக்காவைக் கந்தோருக்கு ஏற்றிப் போகிறவன் நான்தான். முன்பெல்லாம் கையில் ஒரு பை மட்டும் இருக்கும். போட்டி வந்த பிறகு பையோடு ஒரு கொப்பியும் வந்தது.

அவர் எழுதும் முறையைச் சொல்ல வேண்டும். குழலில் விரலால் அமுக்கும் கட்டைகள் மூன்று. எதை அமுக்க வேண்டுமோ அந்த இலக்கத்தை எழுதுவார். 1, 2; முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 13. ஒன்றும் அமுக்காவிட்டால் 0. உதட்டை இறுக்க வேண்டிய இடத்தில் மேலே ஒரு குத்து. கந்தோர் மர வாங்கில், சனம் காத்திருக்கும் அந்த நீள இருக்கையில், குந்தியிருந்து, கேட்கிற சத்தத்தையெல்லாம் இப்படி இலக்கமாக்குவார். ஞாயிறு வந்து ஊதிக் காட்டுவார். மாஸ்டர் அதைக் கோடு போட்ட தாளில் மற்றக் குழல்களுக்குப் பிரித்து எழுதுவார்.

ஒருநாள் அந்தக் கொப்பித் தாள் ஒன்று கவுண்டரில் விடுபட்டுவிட்டது. அங்கிருந்த கிளாக்கர் தங்கமான மனுசன். இலக்கத்தைப் பார்த்துவிட்டு அலுமாரி அலுமாரியாகத் தேடியிருக்கிறார்.

"அம்மா, 13, 2, 0 எண்டு இஞ்ச கோப்பே இல்லையே."

"அது கோப்பு இல்லீங்க ஐயா. பாட்டு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பாட்டு இந்தப் பகுதிக்குள்ள வராது அம்மா. மேல கேட்டுப் பாருங்கோ."

பாட்டு வளர்ந்தது. தொடக்கத்தில் பெரிய குழல் மட்டும், வரிசை நகருகிற நடையில். பெற்றோல் வரிசையில் ஒருவர் எனக்குச் சொன்னார், "முன்னுக்கு நிக்கிறவன்ர முதுகு பாடமாகிற வரைக்கும் நிண்டனான்" என்று. அந்த முதுகு அக்காவின் மெட்டில் இருந்தது. பிறகு கீழ்க் கவுண்டரில் முத்திரை குத்துகிற சத்தம்; அது என் ட்ரம். டக், டக். பெயர் கூப்பிடுகிற சத்தம் கிளாரினற். தேநீர் வேளையில் எல்லாக் குழலும் நிற்கும். கோப்பைக்குள் கரண்டி சுற்றுவதுபோல முக்கோணக் கம்பி மட்டும் 'டிங், டிங்'. அதை அடிப்பவர் எங்கள் சங்கிலித்தாமண்ணை. காது கொஞ்சம் மந்தமானபடியால் அவரிடம் அதைக் கொடுத்திருந்தோம்.

எல்லாவற்றுக்கும் மேலே கோனற்றில் ஐந்து சுரம். நா, ளைக், கு, வாங், கோ. நாலு சுரம் கீழே இறங்கி, கடைசி 'கோ' மட்டும் மேலே எழும்பி நிற்கும்.

"எங்க ஆளுங்க 'நாளைக்கு வாங்க'ன்னு வெட்டுனாப்புல சொல்லிருவாங்க" என்றார் அக்கா. "இங்க ஒரு 'கோ' போட்டு நீட்டுறீங்க. மரியாததான், இல்லேங்கல. ஆனா அந்த 'கோ'வப் புடிச்சுக்கிட்டே போனா வாசல்ல கொண்டு போய் விடுது."

கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது மாஸ்டருக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தது. வரிசையில் முன்னால் நின்ற எல்லாருக்கும் முத்திரை விழுகிறது. டக், டக், டக். கடைசி ஆளின் முறை வருகிறது. தாளில் அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"முடிவு எங்க?" என்றார் மாஸ்டர்.

"இன்னும் வரலீங்க."

"அது வராட்டியும் பாட்டு முடிய வேணுமே அந்தோனியம்மா."

"எப்படிங்க முடியும்? கோப்பு மேசையில கெடக்குறப்ப பாட்டு மட்டும் வீட்டுக்குப் போயிருமா?" என்னைப் பார்த்தார். "தம்பி தடியத் தூக்கிக்கிட்டு நிக்கட்டும். எனக்கு முத்திர விழுந்த பொறகு அடிக்கட்டும்."

மாஸ்டர் முணுமுணுத்துக்கொண்டே கடைசிக் கட்டத்தில் ஒரு மௌனக் குறியைப் போட்டு, தாளின் தலையில் 'கச்சேரி' என்று பெயர் எழுதினார்.

வேறு கச்சேரி

போட்டி நாள். மூன்றே குழுக்கள். மற்ற இரண்டும் பள்ளிக்கூடங்கள். வாசலில் ஒரு பள்ளிக்கூடத்து சங்கீத சேர் வாத்தியப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றார். மரியாதைக்கு ஒரு கதை கொடுத்தேன்.

"சேர், உங்கட பாட்டு எந்தப் பகுதி? காணியோ, பதிவோ?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளங்காமல் நான் விளக்கினேன். விளங்கி அவர் விளக்கினார். கதிரையில் இருந்து கேட்கிற கச்சேரியாம். ஊர்வலத்தில் நடந்து வாசிக்காமல் மேடையில் வாசிக்கிற வாத்தியக் குழுவுக்கு அப்படிப் பெயராம். ஆங்கிலத் தாளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமாம். அவர்களுடைய பாட்டின் பெயர் 'புதிய விடியல்'.

நான் ஓடிப்போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

இரண்டாம் வரிசையில் வெள்ளைச் சேட். காணிப் பகுதிப் பெரியவர். கதிரை நிரப்புவதற்காகக் கந்தோர் ஆட்களையும் அனுப்பியிருந்தார்கள். அக்காவின் கோப்பு இருப்பது அவர் மேசையில். போன கிழமைதான் முதல் தடவையாக, 'நாளைக்கு' என்று சொல்லாமல், "மாசக் கடைசிக்குள்ள முடிச்சுத் தாறன்" என்று சொல்லியிருந்தார். அவர் முன்னால் போய், அவர் கந்தோரையே ஊதிக் காட்டப் போகிறோம். அதுவும் யாரும் கேட்காமல்.

"திரும்பிப் போவம்" என்றார் மாஸ்டர். "பெரிய குழல் அடைச்சுப்போச்சு எண்டு சொல்லுறன்."

அக்கா குழலை மடியில் வைத்துக்கொண்டு வாங்கில் இருந்தார். கந்தோரில் எப்படி இருப்பாரோ அப்படியே. "அவருக்குத் தெரிஞ்சிருமா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"பாட்டு விளங்கிற ஆளில்லை அக்கா அவர்" என்று பொய் சொன்னேன்.

"பேரை மட்டும் மாத்துவம்" என்றார் மாஸ்டர் கடைசியில். "'கடலும் காற்றும்' எண்டு குடுப்பம்."

அக்கா குழலின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "பேர மாத்திக்கங்க மாஸ்டர். சத்தத்த மாத்தாதீங்க. இருபது ஞாயித்துக்கெழம பஸ்சுல நின்னுக்கிட்டே வந்தேன். ஒரு தடவயாவது முழுசா கேட்டுட்டுப் போறேன்."

தடி

'கடலும் காற்றும்' என்று அறிவித்தார்கள். வரிசை நகர்ந்தது. முத்திரைகள் விழுந்தன. முன்வரிசை நடுவர் கண்ணை மூடித் தலையாட்டினார். அலை அடிக்கிறது என்று நினைத்திருப்பார்.

கோனற் முதல் தடவை அந்த ஐந்து சுரத்தையும் ஊதியபோது பின்வரிசையில் ஒரு சிரிப்பு. இரண்டாம் தடவை நாலைந்து. மூன்றாம் தடவை பின்பாதி மண்டபம் முழுக்க வாய்க்குள் சேர்ந்து பாடியது. கந்தோர் ஆட்களும் சேர்ந்துதான். வெள்ளைச் சேட் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பவில்லை.

கடைசி ஆளின் முறை. குழல்கள் ஓய்ந்தன. என் கை மேலே போனது. நீங்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அக்கா என்னைப் பார்க்கவில்லை, இரண்டாம் வரிசையைப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண் குரல், சலிப்பும் இரக்கமும் கலந்து:

"அடிச்சு விடுங்கோவன் ஐயா, பாவம்."

மண்டபம் வெடித்தது. அந்த மனுசி எனக்குச் சொன்னாரா, வெள்ளைச் சேட்டுக்குச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

நடுவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். கடல் இரைச்சலை நன்றாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார். இடையில் வந்த கடற்பறவை மிகவும் இயல்பு என்றார். ஆனால் ஆக்கம் முற்றுப்பெறவில்லை. அதை முடித்துக்கொண்டு அடுத்தமுறை வாருங்கள் என்றார்.

"இவரும் நாளைக்கு வாங்கோ எண்டுதான் சொல்லுறார்" என்றார் மாஸ்டர் என் காதுக்குள்.

'புதிய விடியல்' வென்றது. நல்ல பாட்டு, பொய் சொல்லக் கூடாது. மூன்று பெரிய அடியோடு முடிந்தது.

மேல்மாடி

அடுத்த கிழமை அக்காவை ஏற்றிக்கொண்டு போனேன். தனியாக விட மனமில்லாமல் நானும் மேல்மாடிக்கு ஏறினேன்.

பெரியவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீங்கள்தானே அந்தப் பெரிய குழல்?"

"ஆமாங்க ஐயா."

"கடல் எண்டு சொன்னியள்."

"கடல் மாதிரி, ஐயா" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"நான் பேசாலைக் கடற்கரையில பிறந்தனான் தம்பி. கடல் அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்லை." கோப்பை எடுத்தார். திறக்கவில்லை. "அந்தப் பாட்டுக்குள்ள நான் எவடம்?"

நான் தரையைப் பார்த்தேன். அக்கா மட்டும் நேராகப் பார்த்துச் சொன்னார்.

"ஐயா இன்னும் வரலீங்க. அந்தக் கடைசி அடி ஐயாதான்."

அவர் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. கோப்பைத் திறந்து கொஞ்ச நேரம் புரட்டினார். மூடினார். "சரி. நாளைக்கு வாங்…"

அந்த இடத்தில் நின்றுவிட்டார். நாலு சுரம் இறங்கியாயிற்று. ஐந்தாவது அவர் வாய்க்குள்ளேயே நின்றது. பக்கத்து மேசையில் இருந்த பிள்ளை, தலை நிமிராமல், டைப் அடித்துக்கொண்டே மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். "கோ." சரியான சுரத்தில்.

பெரியவர் கதிரையைப் பின்னால் தள்ளி எழும்பினார். கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். எங்களை இருக்கச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. திரும்பி வந்தபோது தாளில் புதுக் கையெழுத்து ஒன்று இருந்தது. மேசையின் லாச்சியை இழுத்துத் திறந்தார். அக்காவின் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

டிக்.

நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.

"ஐயா, குத்திட்டீங்களா?"

"ஓம், குத்தியாச்சு."

"சத்தமே வரலீங்களே."

அவர் கையிலிருந்ததைக் காட்டினார். பிளாஸ்டிக்கில் சின்னதாக ஒன்று. "இது புதுசு அம்மா. மை உள்ளுக்கயே இருக்கு. ஓங்கிக் குத்தத் தேவையில்லை. மேல்மாடிக்கு மட்டும்தான் இப்ப தந்திருக்கினம்."

அக்கா தாளை வாங்கி, பெயரில் விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினார். கடைசி 'ள்' இருந்தது. அதன் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

ஓட்டோவில் வரும்போது தாளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். அழுவார் என்று நினைத்தேன், இல்லை. பஸ் நிலையம் தெரிகிற இடத்தில்தான் வாய் திறந்தார்.

"இதுக்கா தம்பி நீ தடிய அம்புட்டு ஒசரம் தூக்குன?"

"இனி அடிக்கலாம்தானே அக்கா" என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த அடியில் ஒரு ஆசை. ஒரு வாத்தியக் குழுவில் ட்ரம்காரனுக்கு அப்படி ஓர் அடி வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும்.

"அடிக்கலாம். ஆனா ஒனக்குக் கெடையாது." கொப்பியை எடுத்தார். "நீயும் கேட்டியே. அது ட்ரம் இல்ல தம்பி. அது சங்கிலித்தாமண்ணனோட கம்பி."

மாஸ்டர் மௌனக் குறியை அழித்துவிட்டு, முக்கோணத்துக்கு ஒரு சுரம் போட்டார். பெயரையும் பழையபடி 'கச்சேரி' என்றே எழுதினார். இப்போது அதைத் திருநாள்களில் வாசிக்கிறோம். கருவாட்டு வியாபாரியின் கணக்கில் மூன்றாவது பாட்டு.

கடைசியில் நான் தடியைத் தலைக்கு மேல் தூக்குகிறேன். சனம் மூச்சைப் பிடிக்கிறது. நான் தடியை மெதுவாக இறக்கி, ட்ரம்மில் படாமல் பக்கத்தில் வைக்கிறேன். பின்னாலிருந்து சங்கிலித்தாமண்ணை, கரண்டி கோப்பையில் பட்டதுபோல, ஒரேயொரு 'டிங்'.

கை தட்டக் கொஞ்ச நேரம் எடுக்கும். முடிந்துவிட்டது என்று தெரிய வேண்டுமே.